நாலாவது குண்டு

அத்தியாயம் ஆறு

சரிவில் இறங்கக் கால் வேண்டும். பஞ்சருக்கு முதலில் போனது வயிறு; கால் அதன் பின்னால் வேண்டாவெறுப்பாக வந்துகொண்டிருந்தது.

"டீச்சர், நான் மேலயே நின்னு யோசிக்கிறேனே. மூளைக்கு மேடு பள்ளம் ஏது?"

"உங்க மூளைக்குப் பள்ளம் உண்டு. வாங்க."

சைக்கிள் கடை வைத்து ஊரில் உள்ள டியூபுக்கெல்லாம் ஒட்டுப் போட்டவர் என்பதால் பஞ்சர். கடையை மூடிவிட்டு டீச்சரிடம் உதவியாளாகச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டபாடில்லை. டீச்சர் கதையும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியதை விட்டுவிட்டு துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். வயதில் பஞ்சரைவிடச் சின்னவர். ஆனாலும் அவருக்கும் டீச்சர், போலீசுக்கும் டீச்சர்.

பாதிச் சரிவில் டீச்சர் நின்றார். புல்லுக்கு நடுவே மூன்று மர ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சிவப்புத் துணி. அதற்கும் கீழே இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு கயிறு. கயிற்றுக்குப் பின்னால் புல் நசுங்கிக் கிடந்தது. போன வாரம் மைதானக் காவலாளி செத்துக் கிடந்த இடம் அது.

காவலாளியின் தம்பி, வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், இப்போது லாக்கப்பில். அண்ணன் தம்பிக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அன்றைக்குக் காலையில் பேசப் போனேன், வாய் முற்றியது, கல்லை எடுத்துத் தலையில் போட்டேன், கல்லை ஏரியில் எறிந்துவிட்டேன் என்று அவரே ஸ்டேஷனுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டார். போலீசுக்கு வலிக்காத கேஸ். பெயிண்டரின் மனைவி மட்டும் டீச்சர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "அவருக்குக் கரப்பான் பூச்சியக்கூட அடிக்க மனசு வராதுங்க" என்று அழுதுகொண்டே இருந்தாள். அதற்காகத்தான் இந்தச் சரிவும் பஞ்சரின் முட்டி வலியும்.

"இந்த ஆணியெல்லாம் யாரு அடிச்சது?" என்றார் பஞ்சர்.

"செத்துப்போனவர்தான். மக சங்கிலிக் குண்டு எறியறவ. ஒரு கம்பி, அதோட ஒரு முனையில இரும்புக் குண்டு, இன்னொரு முனையில கைப்பிடி. சுழட்டிச் சுழட்டி விடணும். அவ மேல வட்டத்துல நின்னு விடுவா. இவர் கீழ நின்னு, விழற இடத்துல ஆணி அடிப்பார். மேல மைதானத்தைப் புதுசாப் புல்லு போடறதுக்காக உழுது போட்டுட்டாங்க. அன்னைக்குத்தான் மொத மொதல்ல இந்தச் சரிவுக்கு வந்திருக்காங்க."

"அப்போ குண்டு பட்டுச் செத்திருக்கலாமே?"

"அதத்தான் நானும் இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டேன். சிரிச்சார். பொண்ணு வாழ்நாள்ல எறிஞ்ச அதிக தூரம் நாப்பத்தெட்டு மீட்டர். அதுக்கு ஏழு மீட்டர் தள்ளி, அம்பத்தஞ்சுல கயிறு கட்டி, அதுக்கும் பின்னாலதான் அப்பா நிப்பார். எந்த மைதானமா இருந்தாலும் அதுதான் அவர் சட்டம். அவர் கிடந்தது கயித்துக்கு ரெண்டு மீட்டர் பின்னால. எட்டவே எட்டாதுன்னார்."

டீச்சர் டேப்பை எடுத்தார். கடைசி ஆணி ஐம்பது மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவாக நின்றது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றால் வாயைத் திறக்கக் கூடாது என்பது பஞ்சருக்குத் தெரியும். திறக்கவில்லை, அவர் உத்தியோக வாழ்க்கையில் அது அபூர்வம்.

காவலாளியின் வீடு மைதானத்தை ஒட்டிய ஒற்றை அறை. வாசலில் ஒரு குழாய், அதில் மாட்டிய நீளமான ரப்பர் பைப். கதவைத் திறந்த பெண்ணுக்கு அகலமான தோள். கண் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. தாயில்லாப் பிள்ளை, அப்பாவும் போய்விட்டார். வேறு நேரமாக இருந்தால் பஞ்சர் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார்.

"சித்தப்பாவுக்காகப் பேச வந்தவங்களுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?" என்றாள்.

"சொல்ல வேண்டாம். அப்பாவுக்காகச் சொல்லு" என்றார் டீச்சர்.

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு வழிவிட்டாள்.

"அன்னைக்குப் பனி. ஏரியிலேருந்து ஏறி வந்துச்சு, கீழ எதுவுமே தெரியல. எங்களுக்கு விசில்தான் பேச்சு. குண்டு விழுந்ததும் ஆணி அடிச்சுட்டு, கயித்துக்குப் பின்னால போய் ஒரு தடவை ஊதுவாரு. போடுன்னு அர்த்தம். ரெண்டு தடவை ஊதினா, போதும், கிளம்பு."

"எத்தனை போட்ட?"

"நாலு. மத்தியானம் டீமுக்கு ஆள் எடுக்கிற தேர்வு இருந்துச்சு, கை வலிக்கக் கூடாதுன்னு மூணு சும்மா போட்டேன். பாதி பலம்தான். கடைசி ஒண்ணு மட்டும் முழுசா. ரெண்டு விசில் வந்துச்சு. பையத் தூக்கிட்டு பஸ்சுக்கு ஓடிட்டேன். குண்டெல்லாம் அப்பாதான் எடுத்து வைப்பாரு. தேர்வுல எடுத்துட்டாங்க. அடுத்த வாரம் பயிற்சி முகாம். அப்பாகிட்ட சொல்லலாம்னு வந்து இறங்கினா, வாசல்ல கூட்டம்."

"அதுக்கப்புறம் சரிவுல இறங்கிப் பாத்தியா?"

"எப்படிங்க இறங்குவேன்?"

"நீ எறியறதுல என்ன குறை சொல்லுவார் அப்பா?"

அவள் முகத்தில் எங்கிருந்தோ சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. "தாழப் போடற, தாழப் போடறன்னு திட்டுவாரு. இன்னும் தூக்கிப் போட்டா ஒரு முழம் கூட வரும்பாரு. எனக்கு வரவே வராது." சிரிப்பு போய்விட்டது. "ஆரம்பத்துலேருந்தே சித்தப்பாவுக்கு இது பிடிக்காது. பொம்பளப் பிள்ளைக்கு இரும்புக் குண்டு எதுக்கு, கையக் காலை ஒடச்சுக்கப் போகுதுன்னு எல்லார் முன்னாடியும் கத்தினாரு. அதுலதான் பேச்சு நின்னுச்சு. இப்ப அப்பாவையே இல்லாம பண்ணிட்டாரு. அவரு வெளியவே வரக் கூடாது."

கட்டில்மேல் போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான்கள் கிடந்தன. சாவிக்கொத்து, கண்ணாடி, கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு விசில். கயிறு நன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"இது எங்க இருந்துச்சாம்?"

"சட்டைப் பையில." அவள் புருவம் சுருங்கியது. "ஆனா அப்பா அதைக் கழுத்துலேருந்து கழட்டவே மாட்டாரு. குளிக்கும்போதுகூட."

சாமான் கொட்டகை வீட்டுக்குப் பின்னால். அங்கே நாலு குண்டுகள் வரிசையாக இருந்தன. மூன்றில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நாலாவது பளிச்சென்று இருந்தது. பஞ்சர் குனிந்து மோந்து பார்த்தார்.

"டர்பன்டைன், டீச்சர். பெயிண்ட் பிரஷ் கழுவுவாங்களே, அது. இருபது வருஷம் டியூபு ஒட்டற சொல்யூஷன் மோந்த மூக்கு இது, பொய் சொல்லாது." நிமிர்ந்தபோது முகம் வாடிவிட்டது. "அப்போ பெயிண்டர்தான். கல்லுமில்ல ஒண்ணுமில்ல, குண்டாலயே அடிச்சுட்டு, பழக்க தோஷத்துல பிரஷ் கழுவற மாதிரி கழுவி வச்சிருக்கார். வேலைக்குப் போற பையில பாட்டில் இருந்திருக்கும். பாவம் அந்த அம்மா, வாசல்லயே உக்காந்திருக்கா."

"கொன்னேன்னு தானா வந்து ஒத்துக்கிட்ட மனுஷன், எதால கொன்னேங்கிறத மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

பஞ்சர் குண்டை மறுபடி மோந்து பார்த்தார்.

"அவர் தன்னை மறைக்கல, பஞ்சர். குண்டை மறைக்கிறார். வாங்க, பைப்பை எடுங்க."

பின்கட்டில் சமதரை கொஞ்சம் இருந்தது; அதைத் தாண்டினால் சரிவு ஆரம்பம். பள்ளிக்கூடத்துப் பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, சரிவின் சாய்வை டீச்சர் முன்பே பார்த்திருந்தார். பத்து டிகிரி. நடக்கும்போது முட்டிக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பைப்பின் வாயை ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்துத் தண்ணீரைத் திறந்தார். சமதரையில் தண்ணீர் வளைந்து போய் விழுந்தது. விழுந்த இடம் வரைக்கும் ஒரு நூலை அளந்து வெட்டினார்.

"இப்ப இதே செங்கல், இதே சாய்மானம், சரிவைப் பாத்து. நீங்கதான் காவலாளி. நூல் முடியற இடத்துலேருந்து மூணு அடி பின்னால போய் நில்லுங்க."

"எட்டாதே."

"எட்டாதுன்னுதானே அவரும் நின்னார்?"

தண்ணீர் எழும்பியது. நூலைத் தாண்டியது. மூன்றடியையும் தாண்டி, பஞ்சரின் வயிற்றில் பொத்தென்று விழுந்தது.

"டீச்சர், இது என் ஒரே நல்ல சட்டை" என்று சொல்லிக்கொண்டே பஞ்சர் கீழே பார்த்தார், பிறகு நூலைப் பார்த்தார், பிறகு செங்கல்லைப் பார்த்தார். சட்டை மறந்துபோனது.

டீச்சர் உரக்கச் சொன்னார். பாடம் நடத்திய தொண்டை, தணிக்கத் தெரியாது. "சமதரையில குண்டு இறங்கி வரும்போது தரை அங்கயே காத்துக்கிட்டு இருக்கும். சரிவுல, குண்டு வரும்போது தரை இன்னும் கீழ போயிருக்கும். அதைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும் குண்டு காத்துல இருக்கும். இருக்கிற நேரம் பூரா முன்னால போய்க்கிட்டேதான் இருக்கும். நாப்பத்தெட்டு போற பொண்ணு இந்தச் சரிவுல அம்பத்தேழு போவா. அந்த மூணு ஆணியும் அதத்தான் சொல்லுது. பாதி பலத்துல சும்மா போட்டதாம், ஆனா வாழ்நாள் தூரத்தைத் தாண்டி நிக்குது ஒரு ஆணி. கூடக் குடுத்தது சரிவு. அப்ப முழு பலத்துல போட்டது எங்க போயிருக்கும்?"

"ஆனா தாழப் போடறவளாச்சே? தூரம் குறையாதா?"

"அதுதான் கொடுமை. செங்குத்துக் கோட்டுக்கும் தரைக்கும் சரிபாதியில எறிஞ்சாத்தான் அதிக தூரம். சமதரையில அந்தப் பாதி நாப்பத்தஞ்சு டிகிரி. பத்து டிகிரி இறங்கற சரிவுல, மட்டத்துலேருந்து நாப்பதுதான். மைதானத்துல அவளோட குறை எதுவோ, அதுதான் இந்தச் சரிவுல கச்சிதம்."

"அந்த ரெண்டு விசில்?"

"ஆணி அடிக்காம ஊத மாட்டார் அப்பா. நாலாவது குண்டுக்கு ஆணியே இல்ல, விசில் மட்டும் வந்துச்சு. கழுத்துலேருந்து கழட்டாத விசில், முடிச்சுப் போட்டுப் பையில இருக்கு. செத்தவர் ஊதல, பஞ்சர். பக்கத்துல நின்னவர் ஊதினார். அவ கீழ இறங்கி வந்துடக் கூடாது, பாத்துடக் கூடாதுன்னு, போதும் கிளம்புன்னு ஊதியிருக்கார்."

சட்டென்று தண்ணீர் நின்றது. பைப் ஒரு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது.

"தண்ணியும் போச்சு. அதுக்கும் மனசு தாங்கல போல" என்றார் பஞ்சர். ஜோக் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

லாக்கப்பில் பெயிண்டர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. டீச்சர் குழாய்த் தண்ணீரில் ஆரம்பித்து விசிலில் முடித்தார். அவர் மறுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன். தேர்வுக்குப் போறாளே, நல்லா இருன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்னுதான் போனேன். கீழ அண்ணன் நின்னுக்கிட்டிருந்தாரு. மொதல்ல அவர்கிட்ட சமாதானமாப் போயிட்டு மேல ஏறலாம்னு நின்னேன். விசில் ஊதினாரு. பனிக்குள்ள அவ குரல் கேட்டுச்சு. அப்புறம் ஒரு விர்ருங்கிற சத்தம். நான் கையப் பிடிச்சு இழுக்கறதுக்குள்ள..." அவர் கை தன்னையறியாமல் முன்னால் நீண்டது. அதைத் திருப்பி இழுத்துக்கொண்டார். "உயிர் இல்ல. மேலேருந்து அப்பா, அப்பான்னு கூப்பிடறா. என்ன செய்வேன் நான்?"

"ஐயா, இது விபத்து" என்றார் பஞ்சர். "பொண்ணுக்குச் சட்டப்படி ஒண்ணும் ஆகாது. நீங்க எதுக்கு ஜென்மம் பூரா உள்ள கிடக்கணும்?"

"சட்டப்படி ஒண்ணும் ஆகாதுங்க. அவ கை இனிமே அதைத் தொடுமா? சோத்தைத் தொடுமா? கூடாது கூடாதுன்னு கத்தினவன் நான். எம் பேச்சை மீறித்தானே அண்ணன் அவள இவ்வளவு தூரம் கொண்டுவந்தாரு. இந்தச் சண்டைக்காரன் கொன்னான்னு அவ நெனச்சுக்கட்டும். என்னைத் திட்டித் திட்டியாவது ஆறிடுவா. தன்னையே திட்டிக்க ஆரம்பிச்சா யாரால ஆத்த முடியும்?"

டீச்சர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் பெயிண்டரின் மனைவி காத்திருக்கிறாள். அவளிடம் உண்மையைச் சொன்னால் புருஷன் வீட்டுக்கு வருவான், அந்தப் பெண் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் இவள் வாழ்க்கை போகும். இந்தத் தராசைப் பிடிக்கிற கை தன்னுடையதில்லை என்று பஞ்சருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"உங்க வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிடறேன்" என்றார் டீச்சர் கடைசியில். "முடிவு அவங்க எடுக்கட்டும்."

வெளியே வந்தார்கள். பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள்.

பெயிண்டரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண். மடியில் அப்பாவின் அளவு டேப். பாவாடை ஓரமெல்லாம் செம்மண்.

"தண்ணிய நிறுத்தினது நான்தான்" என்றாள்.

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. பஞ்சரும் குழாயை நினைத்துப் பார்த்தார். வீட்டு வாசலில் இருக்கிற குழாய். அதைத் திறந்துவிட்டுத்தானே பின்கட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"நீங்க போனதுக்கு அப்புறம் கீழ இறங்கினேன்" என்றாள் அவள். "டேப்போட அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆளில்ல. வட்டத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டிட்டு இறங்கினேன். நீங்க சொன்னது சரிதான். அம்பத்தேழு." ஏதோ கடையில் சாமான் விலை சொல்வதுபோல் சொன்னாள். "சித்திகிட்ட சொல்லிட்டேன். சித்தப்பாவப் பாக்கணும்."

இன்ஸ்பெக்டர் ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். விட்டார்கள்.

பெயிண்டர் அவளைப் பார்த்ததும் பின்னுக்கு நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். நாலு நாளாகப் போலீசின் முன்னால் அசையாத மனுஷன்.

"நீ எதுக்கும்மா இங்க வந்த? போ. வீட்டுக்குப் போ."

"அன்னைக்கு விசில் நடுங்குச்சு, சித்தப்பா" என்றாள் அவள். "அப்பாவுக்கு மூச்சு வாங்குது போல, வந்து தைலம் தேச்சு விடணும்னு நெனச்சுக்கிட்டே பஸ் ஏறினேன்."

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் கம்பிக்குள் கையை நீட்டினாள். அவர் நகர்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குண்டு பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை.

"அப்பா உங்ககிட்ட பேசினாரா?" என்று கேட்டாள்.

"பேசினாரும்மா. மூணாவது ஆணி அடிச்சுட்டு வந்தவரு, டேப்பைப் பாத்துட்டு, எம் முகத்தைக்கூடப் பாக்காம, 'அம்பதத் தொட்டுட்டாடா எம்மக'ன்னாரு. ரெண்டு வருஷம் கழிச்சு எங்கிட்ட பேசின மொத வார்த்தை. அப்படி ஒரு சிரிப்பு அவர் மூஞ்சில நான் பாத்ததே இல்ல. அதோடதான் திரும்பிப் போய் விசில் ஊதினாரு."

பஞ்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஈரச் சட்டை இன்னும் காயவில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த அம்பது நான் போட்டதில்ல, சித்தப்பா. சரிவு போட்டது. சமதரையில அது நாப்பதுகூட தேறுமோ என்னவோ."

"தெரியும்மா. டீச்சர் சொன்னாங்க." அவர் அவள் கையை விடவில்லை. "அண்ணனுக்கு அது தெரியாதும்மா."